பேர்த்டே அண்ணாவை ஏன் அனுப்பினேன்?

போன மாசியில் ஒரு சனிக்கிழமை இரவு. போர்வையை மூக்குவரை இழுத்துக்கொண்டு, கண் கலங்கிப்போய் என் மகன் ஒரு கேள்வி கேட்டான்.

"அப்பா, பேர்த்டே அண்ணாவை ஏன் ரிலீஸ் பண்ணினீங்கள்?"

அவனுக்கு அப்போதுதான் ஒன்பது வயது முடிந்திருந்தது. பேர்த்டே அண்ணா உண்மையான ஆள் இல்லை. கொம்பியூட்டர் உருவாக்கிய ஒரு பேஸ்போல் வீரர். "அது கேம்தானே, படு ராசா" என்று சொல்லி லைற்றை அணைத்துவிட்டுப் போயிருக்கலாம். போக முடியவில்லை. ஏன் என்று சொல்வதற்கு முதலில் அந்த விளையாட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

அதன் பெயர் 'அவுட் ஒஃப் த பார்க் பேஸ்போல்'. மார்க்குஸ் ஹைன்சோன் என்ற ஜெர்மன்காரர் 1999 இல் தொடங்கியது. இதில் நீங்கள் பந்து வீசுவதும் இல்லை, மட்டை பிடிப்பதும் இல்லை. அணியின் மனேஜர் நீங்கள். யாரை எடுப்பது, யாரை விற்பது, யாருக்கு எவ்வளவு சம்பளம், யாரை மைனர் லீக்குக்கு அனுப்புவது என்று முடிவு எடுப்பதுதான் விளையாட்டு. கிரிக்கெட் தேர்வுக்குழுவும் கணக்கப்பிள்ளையும் ஒரே ஆளாக இருந்தால் எப்படியோ, அப்படி. பார்க்கிறவர்களுக்கு ஏதோ எக்செல் ஷீற் மாதிரித் தெரியும். என் மனைவி அப்படித்தான் சொல்வார்: "பகல் முழுக்க வேலையில எக்செல், இரவில வீட்டில எக்செல்."

நான் ஸ்காபரோவில் வளர்ந்தவன். மென்பொருள் எழுதுவது தொழில். பல்கலைக்கழகக் காலத்திலிருந்தே இந்த விளையாட்டில் எனக்குப் பைத்தியம். மகன் எண்களை வாசிக்கத் தொடங்கியதும் அவனையும் பக்கத்தில் இருத்திக்கொண்டேன். சனிக்கிழமை இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு இரண்டு மணித்தியாலம் எங்கள் இருவருக்கும் உரியது. அணி? வேறென்ன, ரொறன்ரோ புளூ ஜேய்ஸ்தான்.

ஒவ்வொரு வீரருக்கும் இரண்டு எண்கள் இருக்கும். ஒன்று, இன்றைக்கு அவர் எப்படி. மற்றது, நாளைக்கு எவ்வளவு தூரம் வளரக்கூடும். இரண்டாவதைத்தான் பொட்டென்ஷியல் என்பார்கள். 20 இலிருந்து 80 வரை அளவு. 50 என்றால் பெரிய லீக்கின் சராசரி. விளையாட்டுக்காரர்கள் சும்மா கண்டுபிடித்த அளவு இல்லை இது. நிஜ பேஸ்போலில் ஊர் ஊராகப் போய்ப் பொடியன்களைப் பார்த்து அறிக்கை எழுதும் ஸ்கவுட்டுகளும் இதே 20-80 அளவைத்தான் பாவிக்கிறார்கள்.

போன கோடையில் புதிய வீரர்களைத் தெரிவு செய்துகொண்டிருந்தோம். கடைசிச் சுற்றுகளில் யாரை எடுத்தாலும் ஒன்றுதான் என்று மகனிடம் மவுஸைக் கொடுத்தேன். அவன் ஒரு செக்கண்ட் பேஸ்காரரை எடுத்தான். "ஏன் இவர்?" என்றேன். "அவருக்கும் எனக்கும் ஒரே பேர்த்டே!" என்றான். பொட்டென்ஷியல் 35. அன்றிலிருந்து அவருக்குப் பெயர் பேர்த்டே அண்ணா. ஒவ்வொரு சனியும் முதல் வேலையாக அவர் எத்தனை ஹிற் அடித்தார் என்று பார்ப்பான்.

இரண்டு சீசன் போனது. அவர் பெரிதாக ஒன்றும் அடிக்கவில்லை. மைனர் லீக் அணியில் இடம் தேவைப்பட்டபோது நான் அவரை நீக்கினேன். மகன் முகத்தைத் தூக்கினான். நான் பொட்டென்ஷியலைத் தொட்டுக் காட்டினேன். "35, பார். இவர் வரமாட்டார்."

வேறொரு அணி அவரைச் சும்மா எடுத்தது. எங்கள் பிரிவிலேயே உள்ள அணி. மூன்று சீசன் கழித்து, போன மாசி அந்தச் சனிக்கிழமை, பிளே ஓஃப் ஆட்டத்தில் எட்டாவது இன்னிங்ஸில் எங்களுக்கு எதிராக மூன்று ரன் ஹோம் ரன் அடித்து எங்களை வீட்டுக்கு அனுப்பியது அவர்தான். பெயரைச் சொடுக்கிப் பார்த்தேன். அந்த சீசனில் 38 ஹோம் ரன்.

மகன் ஒன்றும் பேசவில்லை. பல் விளக்கப் போனான். அதற்குப் பிறகுதான் படுக்கையில் அந்தக் கேள்வி.

இந்த விளையாட்டை விளையாடுகிற எல்லாருக்கும் இப்படி ஒரு கதை இருக்கும். யாரும் கணக்கில் எடுக்காத ஒருவர் திடீரென்று வெடித்துக் கிளம்புவார். பிரேக் அவுட் என்பார்கள். அது ஏன் நடக்கிறது என்று எனக்குத் தெரியும். இந்த மாதிரி விடயங்களைப் பிரித்துப் பார்ப்பதுதானே என்ர தொழில்.

முதலாவது, திரையில் தெரியும் 35 என்பது அந்த வீரரின் உண்மையான எண்ணே இல்லை. அது எங்கள் ஸ்கவுட்டின் அபிப்பிராயம். விளையாட்டு உள்ளுக்குள் ஒரு எண்ணை வைத்திருக்கும்; ஸ்கவுட் எவ்வளவு திறமையானவர், அவருக்கு நாங்கள் எவ்வளவு காசு ஒதுக்கினோம் என்பதைப் பொறுத்து அந்த எண் திரிந்து எங்களிடம் வரும். நான் ஸ்கவுட்டிங்குக்கு ஒதுக்கும் காசை வெட்டி நட்சத்திர வீரர்களுக்குச் சம்பளம் கொடுத்துக்கொண்டிருந்தேன். மலிவுக் கண்ணாடி போட்டுப் பார்த்துவிட்டு ஆளைக் குறை சொன்ன கதை.

இரண்டாவது, உள்ளே இருக்கிற உண்மையான எண்ணும் நிலையானது இல்லை. திறமை எவ்வளவு எழுந்தமானமாக மாறலாம் என்பதற்கு விளையாட்டில் ஒரு அமைப்பு இருக்கிறது. வழக்கமாக 100 இல் நிற்கும். அதைக் கூட்டினால் எதிர்பாராமல் எழும்புகிறவர்கள் கூடுவார்கள்; எதிர்பாராமல் விழுகிறவர்களும் கூடுவார்கள். இரண்டையும் பிரிக்க முடியாது. நான் 75 என்று நம்பி முதல் சுற்றில் எடுத்த ஒரு பந்துவீச்சாளர் அதே மூன்று சீசனில் ஒன்றுமில்லாமல் போனதை மகனுக்கு நான் காட்டவில்லை.

மூன்றாவது, விளையாட இடம். வாங்கில் இருக்கிறவர் வளரமாட்டார். தன்னுடைய தரத்துக்குப் பொருத்தமான மட்டத்தில், நல்ல கோச்சோடு, ஒவ்வொரு நாளும் விளையாடுகிறவர் வளர்வதற்கு வாய்ப்பு அதிகம். பேர்த்டே அண்ணாவை எடுத்த அணியில் அந்த இடம் காலியாக இருந்தது. அவரை ஒவ்வொரு நாளும் இறக்கினார்கள். நான் என்ன செய்தேன்? பொட்டென்ஷியல் குறைவு என்பதால் ஆட்டம் கொடுக்கவில்லை. ஆட்டம் கொடுக்காததால் அவர் வளரவில்லை. வளராததைப் பார்த்து, "சொன்னேன்தானே, 35 ஆள்" என்றேன்.

இது கேமில் மட்டும் நடப்பது என்று நினைக்காதீர்கள். ரொறன்ரோக்காரருக்கு ஹோசே பௌட்டிஸ்டாவை மறக்க முடியாது. 2000 ஆம் ஆண்டுத் தெரிவில் 20 ஆவது சுற்றில் எடுக்கப்பட்டவர். 2004 இல் மட்டும் ஐந்து அணிகளின் பட்டியலில் அவர் பெயர் மாறி மாறி வந்தது. யாருக்கும் அவரை வைத்திருக்க விருப்பம் இல்லை. 2008 ஆகஸ்டில் புளூ ஜேய்ஸுக்கு வந்தபோதும் பெரிய செய்தி இல்லை. ஒரு சீசனில் 16 ஹோம் ரன்னுக்கு மேல் அவர் அடித்ததே கிடையாது.

2009 ஆகஸ்டில் அலெக்ஸ் ரியோஸ் வேறு அணிக்குப் போனார். அவர் நின்ற இடம் காலியானது. பௌட்டிஸ்டா ஒவ்வொரு நாளும் விளையாடத் தொடங்கினார். மனேஜர் சிட்டோ காஸ்டனும் பயிற்சியாளர் ட்வெயின் மர்ஃபியும் அவரிடம் சொன்னது ஒரு சின்ன விடயம்: நீ மட்டையை வீசத் தொடங்குவது பிந்துகிறது, இன்னும் முந்தித் தொடங்கு. 2010 இல், 29 வயதில், 54 ஹோம் ரன். அந்த வருடம் இரண்டு லீக்கிலும் அவ்வளவு அடித்தவர் யாரும் இல்லை. 1987 இல் ஜோர்ஜ் பெல் அடித்த 47 தான் அதுவரை புளூ ஜேய்ஸ் சாதனை.

அந்தக் கோடையில் நான் பல்கலைக்கழகத்தில் இருந்தேன். அப்பா தொழிற்சாலையில் இரவு வேலை. மாலையில் எழும்பித் தேத்தண்ணியோடு வந்து ரி.வி. முன்னால் இருப்பார். பேஸ்போல் அவருக்கு விளங்காது. "இது என்ன, ஓவர் கணக்கு இல்லாத கிரிக்கெட்" என்பார். ஆனால் பௌட்டிஸ்டா வந்தால் சத்தமில்லாமல் பார்ப்பார். ஒருநாள் கேட்டார்: "இவன் இவ்வளவு காலமும் எங்கை கிடந்தவன்?"

"இங்கதான் அப்பா. வாங்கில."

"ஒருத்தருக்கும் தெரியேல்லையோ?"

அப்போது எனக்கு அது சிரிப்பாக இருந்தது.

பேஸ்போலில் இந்த மாதிரி ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள். மைக் பியாட்சாவை 1988 இல் 62 ஆவது சுற்றில், 1390 ஆவது ஆளாக எடுத்தார்கள். அதுகூட அவருடைய தகப்பனின் சிநேகிதர் டொமி லசோர்டா கேட்டுக்கொண்டதற்காக. 2016 இல் அவர் ஹோல் ஒஃப் ஃபேமில் இடம்பெற்றார். இன்றைக்கு அந்தத் தெரிவில் 20 சுற்றுகள்தான். 62 ஆவது சுற்று என்ற கதவே இப்போது இல்லை. வெனிசுவேலாவில் ஹோசே அல்ட்டூவேயை ஸ்கவுட்டுகள் கட்டை என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பினார்கள். தகப்பன் சொன்னார், நாளைக்குத் திரும்பிப் போ என்று. போனார். 15,000 டொலருக்கு எடுத்தார்கள். பிறகு மூன்று தடவை அமெரிக்கன் லீக்கின் பற்றிங் பட்டத்தை வென்றார். உயரம் 5 அடி 6 அங்குலம்தான்.

சரி, இப்போது அந்தச் சனிக்கிழமை இரவுக்குத் திரும்புவோம். மகன் கேட்டது ஒரு கேள்வி இல்லை, இரண்டு. இரண்டாவதை நான் இன்னும் சொல்லவில்லை.

நான் பதில் தேடிக்கொண்டிருக்க, அவன் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு கேட்டான்: "அவரும் ஆவரேஜ் எண்டபடியாலா?"

அந்த 'உம்' எனக்கு நெஞ்சில் தைத்தது.

இரண்டு கிழமைக்கு முன்னால் பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு கடிதம் வந்திருந்தது. மூன்றாம் வகுப்பில் கிஃப்ற்றெட் வகுப்புக்குப் பிள்ளைகளைத் தெரிவதற்கு வைக்கும் ரெஸ்ற். கனடாவில், அமெரிக்காவில் பிள்ளை வளர்க்கிற எங்களுக்கு இந்தக் கடிதத்தைப் பற்றி விளக்கத் தேவையில்லை. அவன் தெரிவாகவில்லை. தெரிவுக்குக் கிட்டவும் இல்லை. அன்று இரவு தங்கச்சியோடு போனில் கதைத்தேன். அவளுடைய மகள் போன வருடம் தெரிவானவள். நான் சொன்ன வசனம் எனக்கு நல்ல ஞாபகம்: "என்ன செய்யிறது, இவன் ஆவரேஜ்தான் போல."

அவன் படியில் இருந்திருக்கிறான்.

இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது. ஆனால் இதைவிட வெட்கமான இன்னொன்றும் இருக்கிறது. அவனுக்கு நான்கு வயதிலிருந்து நான் ஒரு எக்செல் ஷீற் வைத்திருந்தேன். வாசிப்பு மட்டம், கணக்கு, நீச்சல் வகுப்பு, பியானோ, தமிழ் வகுப்புப் புள்ளி. ஒவ்வொரு மூன்று மாதமும் நிரப்புவேன். கடைசி நிரலின் தலைப்பு என்ன தெரியுமா? பொட்டென்ஷியல். பகிடிக்குப் போட்டதுதான். பகிடிக்குப் போட்ட நிரலை ஐந்து வருடம் யாரும் நிரப்பமாட்டார்கள்.

அந்த இரவு எனக்கு நித்திரை வரவில்லை. கண்ணை மூடினால் வந்தது வேறொரு படிவம்.

நான் பதினொரு வயதில் இங்கே வந்தவன். எட்டாம் வகுப்பு முடிவில் ஒன்பதாம் வகுப்புக்கு அகடமிக்கா அப்ளைட்டா என்று தெரிய வேண்டும். ஒன்ராரியோவில் படித்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். 2022 இல் ஒன்பதாம் வகுப்பில் அந்தப் பிரிவு முழுதாக எடுபட்டது; எங்கள் காலத்தில் பதின்மூன்று, பதினான்கு வயதில் பாதை பிரிந்துவிடும். எனக்கு எல்லாப் பாடத்துக்கும் அப்ளைட் என்று பள்ளிக்கூடம் பரிந்துரை எழுதி அனுப்பியிருந்தது. ஆங்கிலம் தடக்கும், வகுப்பில் வாய் திறக்கமாட்டேன், ஆகவே நியாயமான பரிந்துரைதான். அப்பா கையெழுத்து வைக்கப் பேனையை எடுத்துவிட்டார். "அவை படிச்ச ஆக்கள், அவைக்குத் தெரியும்" என்றார்.

அம்மா அவருடைய கையிலிருந்து தாளை வாங்கினார். எங்கள் அப்பார்ட்மென்றில் நான்காம் மாடியில் ஒரு அக்கா பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்தார். அம்மா சமையலை விட்டுவிட்டு, கையில் மஞ்சள் கறையோடு, தாளையும் என்னையும் இழுத்துக்கொண்டு நான்காம் மாடிக்குப் போனார். "பிள்ளை, இதில என்ன எழுதியிருக்கு? வித்தியாசம் என்ன?" அந்த அக்கா விளங்கப்படுத்தினார்: அப்ளைட் எடுத்தால் பிறகு பல்கலைக்கழகத்துக்குப் போவது மிகவும் கஷ்டம். அம்மா கேட்டது ஒரே கேள்வி: "மாத்தி எழுதினா ஆரும் ஏசுவினமோ?" இல்லை என்றார். அம்மா மாற்றி எழுதினார். அந்தத் தாளின் மூலையில் மஞ்சள் விரல் அடையாளம் இருந்தது.

அம்மாவுக்கு என்னுடைய பொட்டென்ஷியல் தெரிந்திருந்ததா? இல்லை. நான் கெட்டிக்காரன் என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. எனக்கு விளையாட இடம் வேண்டும் என்பது மட்டும் அவருக்குத் தெரிந்திருந்தது.

அதே கட்டடத்தில், எனக்குக் கீழ் மாடியில் ஒரு சிநேகிதன். அதே வகுப்பு, அதே வருடம் வந்தவன், அதே பரிந்துரை. அவனுடைய படிவத்தை யாரும் நான்காம் மாடிக்குக் கொண்டுபோகவில்லை. தாய் தகப்பன் இருவரும் இரண்டு வேலை செய்தவர்கள். கையெழுத்து வைத்து அனுப்பினார்கள். அவன் இன்றைக்கு ஹீற்றிங், ஏ.சி. வேலையில் நன்றாக இருக்கிறான், என்னைவிடப் பெரிய வீடு. அவன் தோற்றுப்போனான் என்று சொல்ல நான் வரவில்லை. ஆனால் ஒரு கலியாண வீட்டில் பக்கத்தில் இருந்து சாப்பிடும்போது திடீரென்று சொன்னான்: "மச்சான், எனக்குக் கணக்கு சரியான விருப்பமடா. உனக்குத் தெரியுமோ?" எனக்குத் தெரியும். ஆறாம் வகுப்பில் எனக்குப் பின்னம் சொல்லித்தந்தவனே அவன்தான்.

இந்த இடத்தில் கட்டுரையை முடித்தால் வடிவாக இருக்கும். பிள்ளைகளுக்கு இடம் கொடுங்கள், ஒவ்வொருவரும் ஒருநாள் பௌட்டிஸ்டா ஆவார்கள் என்று. அப்படி முடிக்க என்ர தொழில் புத்தி விடவில்லை. பௌட்டிஸ்டாவைப் போல இருபதாவது சுற்றில் எடுக்கப்பட்டு ஒன்றும் ஆகாமல் போனவர்களின் பெயர் எங்கள் ஒருவருக்கும் தெரியாது. தெரியாததால்தான் கதை இவ்வளவு இனிக்கிறது. 2003 இல் நேற் சில்வர் பெகோட்டா என்று ஒரு கணிப்பு முறையை வெளியிட்டார். அதில் ஒவ்வொரு வீரருக்கும் பிரேக் அவுட் என்றே ஒரு எண் உண்டு. அவர்கூட யார் எழும்புவார் என்று சொல்லவில்லை; எழும்ப எத்தனை வீதம் வாய்ப்பு என்றுதான் சொன்னார்.

ஆகவே அடுத்த வாரம் ஒரு வேலை செய்தேன். பேர்த்டே அண்ணாவை நீக்குவதற்கு முதல்நாள் சேவ் செய்த ஃபைல் பாக்கப்பில் இருந்தது. அதைத் திறந்து, அவரை நீக்காமல், ஒவ்வொரு நாளும் ஆட்டம் கொடுத்து, வருடக் கணக்காக ஓடவிட்டேன். ஒரு தரம் இல்லை, இருபது தரம். ஒவ்வொரு தரமும் பகடை புதிதாக விழும்.

இருபதில் இரண்டு தரம் பெரிய நட்சத்திரமானார். நான்கு தரம் பெரிய லீக்கில் ஒரு சாதாரண ஆள். மிச்சம் பதினான்கு தரமும் மைனர் லீக்கைத் தாண்டவில்லை.

மனசு விழுந்துவிட்டது. அடுத்த சனி மகனிடம் உண்மையைச் சொன்னேன். "அப்பா திருப்பித் திருப்பி ஓட்டிப் பார்த்தனான். நாங்கள் வச்சிருந்தாலும் அநேகமா அவர் வந்திருக்கமாட்டார் ராசா."

அவன் கொஞ்ச நேரம் யோசித்தான். பிறகு கேட்டான்: "அப்ப மற்றத் தரங்களில அவர் என்ன செய்தவர்?"

நான் பார்க்கவே இல்லை. நட்சத்திரமானாரா இல்லையா என்று மட்டும் எண்ணிவிட்டு ஃபைலை மூடியிருந்தேன்.

இருவருமாக ஒவ்வொன்றாகத் திறந்தோம். ஒன்றில் 31 வயதுவரை ஒரே மைனர் லீக் ஊரில் விளையாடி ஓய்வு பெற்றிருந்தார். ஒன்றில் முழங்கால் உடைந்து நிறுத்தியிருந்தார். ஒன்றில், ஓய்வுக்குப் பிறகு எங்கள் சின்ன அணியிலேயே பற்றிங் கோச்சாகச் சேர்ந்திருந்தார். மகன் கதிரையில் துள்ளி எழும்பினான். "அப்பா, ஹீ இஸ் அ கோச்! அவர் சின்னாக்களுக்குச் சொல்லிக் குடுக்கிறார்!" அந்த 38 ஹோம் ரன்னைப் பார்த்தபோதுகூட அவன் இவ்வளவு சந்தோஷப்படவில்லை.

அன்றைக்குத்தான் எனக்கு ஒன்று விளங்கியது. வெடித்துக் கிளம்புவான் என்பதற்காகப் பிள்ளைக்கு இடம் கொடுத்தாலும், நான் இன்னும் அதே பொட்டென்ஷியல் நிரலைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். எண் மாறும் என்று காத்திருக்கிறேன், அவ்வளவுதான். மகன் அவரை எண்ணுக்காக வைத்திருக்கச் சொல்லவில்லை. எங்கள் ஆள் என்பதற்காகச் சொன்னான். ஒரே பிறந்தநாள் என்பதற்காக.

லைற்றை அணைக்கப் போனபோது, நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னேன்: "அப்பா பிழை விட்டிட்டன்."

"கேமிலயா?"

"கேமிலயும்."

அவன் ஒன்றும் சொல்லவில்லை. போர்வையை விலக்கி, பக்கத்தில் இடம் விட்டான். நான் சப்பாத்துக்கூடக் கழற்றாமல் போய்ப் படுத்தேன். படியில் இருந்து கேட்டதைப் பற்றி அன்றைக்குத்தான் கதைத்தோம். என்ன கதைத்தோம் என்பது அவனுக்கும் எனக்கும் உரியது.

அந்த எக்செல் ஷீற்றை அழித்துவிட்டேன். ஒரேயடியாகத் திருந்திவிட்டேன் என்று பொய் சொல்லமாட்டேன். றிப்போர்ட் கார்ட் வந்தால் இன்னும் கை அரிக்கும். கணக்குக்கு ரியூஷன் தேவைப்பட்டால் அனுப்பத்தான் போகிறேன். ரெஸ்ற் எல்லாம் குப்பை என்றும் சொல்லவில்லை. அந்த ஒரு காலை அவன் எப்படிச் செய்தான் என்பதை அது சொல்லும், அதற்கு மேல் அதனிடம் கேட்கக்கூடாது. தங்கச்சிக்குப் போன் எடுத்து இதையெல்லாம் சொன்னேன். அவள் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, தெரிவான பிள்ளையின் கதை வேறு மாதிரி என்றாள்: "ஒவ்வொரு ரெஸ்ற்றுக்கும் முதல்நாள் இவளுக்கு வயித்துக்குத்து." 75 என்று எழுதப்பட்டவருக்கும் சுமைதான்.

சனிக்கிழமை விளையாட்டு நிற்கவில்லை. இப்போது ரேற்றிங் எதையும் காட்டாதபடி அமைப்பை மாற்றிவிட்டோம். அதற்கு வழி இருக்கிறது. ஆட்டத்தில் என்ன செய்தார்கள் என்பது மட்டும் தெரியும். ஆகவே ஒவ்வொருவரையும் இருந்து பார்க்க வேண்டியிருக்கிறது. நேரம் நிறையப் போகிறது, தோல்வியும் கூட.

போன கிழமை அப்பா வீட்டுக்கு வந்திருந்தார். தேத்தண்ணிக் கோப்பையோடு எங்களுக்குப் பின்னால் கதிரை போட்டு இருந்தார். மகன் கடைசிச் சுற்றில் ஒரு பொடியனை எடுத்தான். இந்த முறை என்ன காரணம் என்று நான் கேட்கவில்லை.

"உவன் எப்பிடி, நல்லா விளையாடுவானோ?" என்றார் அப்பா.

"தெரியாது அப்பப்பா," என்றான் மகன். "பாப்பம்."